கற்பித்து அனுப்பும் காஞ்சி

காஞ்சிபுரத்தைக் கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் சொல்லி அறிமுகப்படுத்துவதே இன்றைய வழக்கம், எனினும் கி.பி. நான்காம் நூற்றாண்டு தொடங்கி அந்நகரைப் பற்றிக் கிடைக்கும் கல்வெட்டுகளையும் பயணக் குறிப்புகளையும் குருபரம்பரை நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போது, வெளியூர் இளைஞர்கள் தேடி வந்து தங்கிப் படித்துப் பின்னர் பிரிந்து சென்ற கல்வி நகரமாகவும் அது மிக நீண்ட காலம் விளங்கியது என்பது தெளிவாகிறது. அங்கே உயர்கல்வி அளித்த அமைப்பு கடிகை எனப்பட்டது. வேதமும் சாத்திரங்களும் கற்ற ஆசிரியர்களும் அவர்களிடம் பயின்ற முதிர்ந்த மாணவர்களும் அடங்கிய, அரசரின் ஆதரவு பெற்ற, வேண்டியபோது அரசியலிலும் குரல் கொடுக்கத்தக்க சான்றோர் அவையே கடிகை. அதற்குரியதென்று சுட்டிக்காட்டத்தக்க கட்டடம் எதுவும் இன்று நகரில் இல்லை. அங்கே படிக்க வந்தவர்கள் ஊரைவிட்டு எப்படிப் போனார்கள் என்ற செய்திகளின் வழியாகத்தான் அதன் பெருமையை நாம் பெரிதும் அறிகிறோம். படிப்பு முடிந்து, பழகிய ஊரைப் பிரியும் இளைஞரின் மனத்தில் மகிழ்ச்சியும் ஏக்கமும், சில நேரங்களில் கோபமும்கூட, ஒன்றாகக் கலந்து நிற்கும் நிலை எல்லா ஊர்களுக்கும் பொதுவானதுதான். ஆனால் அந்த நிலை கல்லிலும் ஏட்டிலும் இத்தனை முறை பதிவான ஊர் தமிழகத்தில் காஞ்சியைப்போல் வேறொன்றைக் காண்பது அரிது.

அப்பதிவுகளுள் மிகப் பழையது காஞ்சியில் இல்லை. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் தாளகுந்தா என்னும் சிற்றூரில் ஒரு கல்தூணில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அந்த வடமொழிக் கல்வெட்டு, கடம்ப அரச மரபைத் தோற்றுவித்த மயூரசர்மனின் கதையைச் சொல்கிறது. அந்தண இளைஞனாகிய அவன், தன் குரு வீரசர்மனுடன் பல்லவரின் தலைநகராகிய காஞ்சிக்கு வந்து, கற்க வேண்டியவை அனைத்தையும் கற்றுவிடும் ஆர்வத்தோடு கடிகையில் சேர்ந்தான். அங்கே பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சண்டையில் பட்ட அவமானத்தைப் பொறுக்க மாட்டாமல், தருப்பையும் சமித்தும் வேள்விக் கரண்டியும் பிடித்துப் பழகிய கையில் வாளை எடுத்து, ஸ்ரீபர்வதம் எனப்படும் ஸ்ரீசைலக் காடுகளுக்குப் போய்ப் படை திரட்டினான். எல்லைக் காவலரை வென்று, பாணரிடம் திறை வாங்கி, முடிவில் பல்லவரே அவனை மேலைக் கடல் வரையிலான ஒரு நாட்டுக்குத் தலைவனாக ஏற்கும்படி செய்தான். படிப்பைப் பாதியில் விட்டு ஆத்திரத்தோடு வெளியேறிய மாணவனின் கதை இது. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: மயூரசர்மனின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ நூறாண்டு கழித்து இக்கல்வெட்டை எழுதியபோது, தம் முன்னோன் அவமானப்பட்ட ஊரின் பெயரை மறைத்துவிடவில்லை, அவன் காஞ்சிக் கடிகையில் சேர்ந்தான் என்பதையும், அவனை அழைத்துச் சென்ற ஆசிரியரின் பெயரையும் குலப்பெருமையாகவே பதிவு செய்தார்கள். கோபம் பல்லவரிடம் இருந்தது. கடிகையின்மீது மதிப்பு குறையவில்லை. ஒரு கல்லூரிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைப்பது அரிது.

காஞ்சிக்குள்ளேயே கடிகையாரைக் கல்லில் காண விரும்புபவர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும். பரமேச்சுர விண்ணகரம் என்று பழைய நூல்கள் குறிப்பிடும் இக்கோயிலை எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்தான். கருவறையைச் சுற்றியுள்ள திருச்சுற்றின் சுவர்களில் பல்லவ மரபின் வரலாறு வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டு, சில காட்சிகளுக்குக் கீழே விளக்கக் குறிப்புகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அரசன் மறைந்து வாரிசில்லாமல் நாடு தவித்தபோது, நகரத்தாரும் அமைச்சரும் கடிகையாரும் கூடிப் பல்லவர் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் தூது போய் ஓர் அரசனைக் கேட்டனர் என்பது அங்குள்ள செய்தி. இரணியவர்மன் தன் மக்களைக் கேட்க, மூத்தவர் மூவரும் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுடைய இளையவன் பல்லவமல்லன், பின்னாளில் இரண்டாம் நந்திவர்மன் ஆனவன், தான் போவதாகச் சொன்னான். அத்தனை சிறிய பிள்ளையை அனுப்பத் தந்தை தயங்கியதையும் பின்னர் இசைந்ததையும் அந்தக் குறிப்புகள் விடாமல் சொல்கின்றன. வீட்டைவிட்டு முதன்முதலாக வெளியூருக்குப் புறப்படும் பிள்ளையையும், அவனை வழியனுப்பும் தந்தையின் தயக்கத்தையும் ஓர் அரசன் தன் கோயில் சுவரில் இடம்பெறச் செய்தான் என்பது, போர் வெற்றிகளையே செதுக்கும் வழக்கம் மிகுந்த அக்காலத்தில், வியப்புக்குரியது. சிற்பங்கள் மணற்கல்லால் ஆனவை. பல இடங்களில் முகங்கள் தேய்ந்துவிட்டன. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் உருவங்கள் ஓரளவு துலங்கும்.

பௌத்தக் கல்வியும் இந்நகரில் செழித்திருந்தது. ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டைப் பற்றி எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூறளவு விகாரங்களும் பத்தாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறிப்பிட்டு, அது தருமபாலர் பிறந்த ஊர் என்பதைத் தனியே எடுத்துச் சொல்கிறார். அவர் தரும் கதையின்படி, அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த தருமபாலருக்கு அரசனின் மகளை மணமுடிக்க ஏற்பாடாகியிருந்த வேளையில், அவர் புத்தர் திருவுருவத்தின் முன் மனமுருகி வேண்டிக்கொண்டு, இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கித் துறவியானார். பின்னர் வடக்கே நாலந்தா மகாவிகாரத்தின் தலைமைப் பேராசிரியராக உயர்ந்தார். அவருடைய மாணவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரரிடமே யுவான் சுவாங் பயின்றார். எனவே காஞ்சியைப் பற்றி அச்சீனத் துறவி எழுதியது தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரைப் பற்றியதாகும். அவருடைய குறிப்பில் இருக்கும் பரிவுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். தருமபாலர் விட்டுச் சென்ற பௌத்தக் காஞ்சி இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட பெரிய புத்தர் சிலையும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

நகருக்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் போவதில்லை. போக வேண்டிய ஊர் அது. சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடமென்று தலபுராணம் கூறும் விசயராகவப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. யாதவப்பிரகாசர் என்னும் வேதாந்த ஆசிரியரிடம் இராமாநுசர் இவ்வூரில் பாடம் கேட்டார் என்பது வைணவ மரபு. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், தந்தையை இழந்தபின் படிப்புக்காகவே குடும்பத்தோடு காஞ்சிக்குக் குடிபெயர்ந்தவர். ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேளையில், சாந்தோக்கிய உபநிடதத்தின் ஒரு தொடரில் இறைவனின் கண்ணுக்குக் கூறப்பட்ட உவமையை யாதவப்பிரகாசர் இழிவான பொருளில் விளக்க, மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடைமேல் சுடச்சுட விழுந்தது என்றும், காரணம் கேட்கப்பட்டபோது கதிரவனால் மலரும் தாமரை என்று இராமாநுசர் வேறு பொருள் கூறினார் என்றும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அந்தப் பிளவு வளர்ந்து, காசி யாத்திரை என்ற பெயரில் ஆசிரியர் தம்மைக் கொல்லத் திட்டமிட்டிருப்பதை உறவினர் கோவிந்தரால் அறிந்து, விந்தியக் காட்டில் பிரிந்து, வழி காட்டிய வேடுவ இணையரோடு நடந்து, விழித்துப் பார்க்கையில் காஞ்சிக்கு அருகிலேயே இருந்தாராம் இராமாநுசர். அன்று முதல் சாலைக் கிணற்றிலிருந்து வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் நீர் சுமந்து வந்தார். ஆசிரியரிடமிருந்து விலகியவர் ஊரிலிருந்து விலகவில்லை என்பதே இக்கதையின் சாரம்.

ஊரிலிருந்து அவர் விலகிய விதமோ இன்னும் உருக்கமானது. அது நிகழ்ந்த இடம், அத்திகிரி என்னும் மேட்டின்மேல் கருவறை அமைந்திருக்கும் சின்ன காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில். இக்கோயிலின் அனந்தசரசு என்னும் திருக்குளக் கரையில்தான் இராமாநுசர் துறவு பூண்டார். வைணவ ஆசாரியர் ஆளவந்தார் மறைந்தபின் தலைமையின்றி இருந்த திருவரங்கத்தார், இராமாநுசரை அழைத்துவரத் திருவரங்கப் பெருமாள் அரையரை அனுப்பினர். அரையர் என்போர் ஆழ்வார்களின் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் இறைவன் முன் பாடுவோர். அவர் வரதராசன் சன்னிதியில் பாட, மகிழ்ந்த பெருமாள் வேண்டியதைக் கேட்கச் சொல்ல, அரையர் இராமாநுசரைக் கேட்டாராம். பெருமாளுக்குக் கொடுக்க மனமில்லை. சொன்ன சொல்லை மாற்றவும் வழியில்லை. அரையர் கையைப் பற்றி அழைத்துச் சென்றபோது, இராமாநுசர் தம் மடத்துக்குக்கூடத் திரும்பாமல், தாம் வழிபடும் திருவுருவத்தை எடுத்துவரச் சீடர்களிடம் சொல்லிவிட்டு அங்கிருந்தே திருவரங்கம் புறப்பட்டார் என்கிறது மரபு. பிரிவின் துயரத்தைப் போகிறவர்மேல் மட்டும் சுமத்தாமல், அனுப்புகிற ஊரின் தெய்வத்தின்மேலும் வைத்துச் சொன்ன இந்தக் கதை, மாணவர் ஊரைவிட்டுப் போவதைப் பற்றித் தமிழில் உள்ள கதைகளுள் மிக ஆழமானது என்று தயங்காமல் கூறலாம். வீட்டுக்குத் திரும்பினால் புறப்பட முடியாமற் போய்விடும் என்பதை உணர்ந்தே இராமாநுசர் திரும்பவில்லை என்று கொள்வதில் தவறில்லை.

இதே சின்ன காஞ்சிபுரத்தின் தூப்புலில் 1268இல் பிறந்த வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரைப் பற்றி இதற்கு எதிரான ஒரு செய்தி உண்டு. விசயநகர அரசவைக்கு வந்து பொருள் பெறுமாறு வித்யாரண்யர் அழைத்தபோது, தமக்குரிய முன்னோர் செல்வம் அத்திகிரியின்மேல் இருக்கிறது என்ற கருத்தில் மறுமொழி எழுதி அனுப்பினார் என்பர். ஆயினும் அவரும் வாழ்வின் பெரும்பகுதியைத் திருவரங்கம் முதலிய வெளியூர்களில் கழித்தவரே.

வரதராசப் பெருமாளுக்குப் படைக்கப்படும் குடலை இட்டலியைக் குறிப்பிடாமல் இக்கோயிலைக் கடக்க இயலாது. அரிசியும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் ஆகியவை கலந்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி நீண்ட நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்தபின் அது உருளையாக வரும். வில்லை வில்லையாக அறுத்துத் தருவர். இலையின் மணமும் சுக்கின் காரமும் ஏறிய அந்த இட்டலி உணவு விடுதிகளிலும் காஞ்சிபுரம் இட்டலி என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால் தட்டில் ஊற்றி எடுத்ததற்கும் குடலையில் வெந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஊரைப் பிரிந்து வாழும் காஞ்சிக்காரர்கள் நன்கு அறிவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரசு குளத்து நீரிலிருந்து வெளியே எழுந்தருளும் அத்திவரதர் என்னும் பெருமாள் திருவுருவத்தைக் காண, 2019 சூலை, ஆகத்து மாதங்களில் நாடெங்கிலுமிருந்து திரண்ட பெருங்கூட்டத்தில் வெளியூர் வாழ் காஞ்சிக்காரர்களும் இருந்தனர்; அதற்கு முந்திய முறை 1979; அடுத்தது 2059.

நகரின் மேற்கு எல்லையில் உள்ள கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் கட்டியது; சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக அமைந்த ஐம்பத்தெட்டுச் சிறு கோயில்களால் புகழ் பெற்றது. அங்கே முன்மண்டபத் தூணில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, அதைக் கவர்ந்து செல்லாமல் இறைவனுக்கே திரும்ப அளித்ததை அது பதிவு செய்கிறது. இந்த எழுத்தை அழிப்பவர் கடிகைப் பெருமக்களைக் கொன்றவர் அடையும் கதியை அடைவர் என்ற பொருளில் சாபமிட்டு முடிகிறது. ஓர் எதிரி அரசன் தன் ஆணைக்கு வலுச்சேர்க்கக் கடிகையாரின் பெயரைத் துணைகொண்டான் என்றால், அவ்வமைப்பின்மேல் அண்டை நாடுகளுக்கு இருந்த மதிப்பை உணரலாம்.

நண்பகலில் நகரின் கோயில்கள் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கப்படும். அந்த இடைவேளையைக் கடைவீதியில் கழிக்காமல், கைலாசநாதர் கோயிலை அடுத்துள்ள பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் தெருக்களில் நடப்பது நல்லது. காஞ்சியின் மற்றொரு கல்லூரி அங்கே இருக்கிறது. தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி மிதிகளை இயக்கியபடி நெசவாளர் அமரும் குழித்தறி, பல வீடுகளில் கூடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு; குறுக்கே ஓடும் நூல் ஊடை; ஊடையைச் சுமந்து ஓடுவது நாடா. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பாகிய கோர்வையில் மூன்று நாடாக்கள் வேண்டும்: புடவையின் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றோடொன்று கலவாமல், ஒவ்வோர் இழையிலும் இரண்டின் ஊடையும் கோத்துக்கொள்ளும்படி நெய்ய வேண்டும். ஓரிழை பிசகினால் சேருமிடத்தில் இடைவெளி தெரியும். நெசவாளர் ஒருவரால் இதைத் தனியே செய்ய இயலாது; பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு குழந்தையாகவே இருந்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுவரும் சிறுமியரும் விடியற்காலை முதல் தறியருகே அமர்ந்து நாடா தள்ளினர். முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் பிறர் வீட்டுத் தறிகளுக்கு அனுப்பப்பட்டதும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் தொடர்பான 1986ஆம் ஆண்டுச் சட்டமும், பின்வந்த ஆண்டுகளில் அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சிகளும், சத்துணவும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அக்குழந்தைகளைத் தறியிலிருந்து மீட்டன. அது இந்நகரின் அண்மைக்கால வரலாற்றில் நிகழ்ந்த மிகச் சிறந்த காரியம். கோர்வை நெய்யத் துணைக்கை கிடைக்காமற் போனது அதன் விளைவுகளுள் ஒன்று. அந்த இழப்பைக் காட்டி அந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. மீட்கப்பட்ட அத்தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் இன்று கல்லூரிப் படிகளில் ஏறியிருக்கின்றன.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை படித்து மேலே வந்ததற்குக் காஞ்சியில் எல்லோரும் சொல்லும் பெயர் அண்ணா. 1909இல் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியில் படித்து, குடும்ப நிலை காரணமாக இடையில் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்து, பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் போனவர் மட்டுமல்லர், திரும்பியவரும்கூட. 1942இல் ‘திராவிட நாடு’ வார இதழை அவர் தொடங்கியது காஞ்சியிலிருந்துதான். 1967இல் முதலமைச்சரானபின் அவருடைய ஊர்ப்பெயர் அவர் பெயருக்கு முன்னால் வரும் எழுத்தாகவே நாடெங்கும் பரவியது.

1947இல் தொடங்கப்பட்ட காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரியும், பின்னர் வந்த மகளிர் கல்லூரியும், ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கும் சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயமும் இன்றைய கடிகைகள். செய்யாறு, உத்திரமேரூர், வாலாசாபாத், வந்தவாசிப் பக்கங்களிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவர்களும் உள்ளூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இறுதியாண்டு முடிந்து மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வாங்க வரும் நாளில் இவ்விரு சாராரின் மனநிலையும் ஒன்றல்ல. வெளியூர் மாணவர் பிரிவது நண்பர்களையும், பேருந்து நிலையத் தேநீர்க் கடையையும், வைகாசிக் கருட சேவைக் கூட்டத்தில் திரிந்த இரவுகளையும். உள்ளூர்ப் பிள்ளை பிரிவது இவற்றோடு, கண்விழித்த நாள் முதல் காதில் விழுந்த தறியோசையை. அந்தப் பிள்ளையின் படிப்புக்குப் பணம் தந்தது அந்தத் தறி. அந்தத் தறியில் உட்காராமல் இருப்பதற்காகத்தான் படிக்கவே வைத்தார்கள். பட்டம் வாங்கிய மகிழ்ச்சியும், தந்தைக்குப்பின் அந்தக் குழியில் இறங்க ஆளில்லை என்ற உறுத்தலும் ஒரே நெஞ்சில் தங்குகின்றன. பெற்றோரின் நெஞ்சிலும் அப்படியே.

அவர்கள் போகும் தொலைவு பெரும்பாலும் அதிகமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழில் நகரங்களாகிவிட்டன. விடியற்காலையில் காஞ்சித் தெருமுனைகளில் கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. படிப்புக்காக இராமாநுசர் காஞ்சிக்கு வந்த அதே சாலை, இன்று படித்தவர்களை வேலைக்காகக் காஞ்சியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுசெல்கிறது. மாதச் சம்பளமும் வைப்புநிதியும் உள்ள வேலையை விட்டுவிட்டு, புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தொழிலுக்குத் திரும்புமாறு அவர்களிடம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மயூரசர்மனும் தருமபாலரும் இராமாநுசரும் காஞ்சியில் கற்றதைக் கையோடு கொண்டுபோனவர்கள். அதனால் அவர்கள் போன ஊர்களிலும் காஞ்சியின் கல்வி வாழ்ந்தது. இன்று தறிவீட்டிலிருந்து பட்டம் பெற்றுப் போகும் பிள்ளைக்கு வரலாறும் வணிகவியலும் கணினியியலும் தெரியும். கோர்வை போடத் தெரியாமல் இருக்கலாம். தறியறிவு கல்வியாகக் கருதப்படாததே இதற்குக் காரணம். பாவின் இழைக்கணக்கும், சாயத்தின் பக்குவமும், ஜக்கார்டு அட்டையில் துளைகளாக மாறும் வடிவமும் கணிதமும் வேதியியலும் அன்றி வேறில்லை. இந்நகரின் கல்லூரிகள் தறியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்து, மூத்த நெசவாளரை ஆசிரியராக அமர்த்தி, மதிப்பெண்ணும் கொடுத்தால், எந்தத் துறை மாணவரும் விரும்பினால் அதைக் கற்றுக்கொண்டு போகலாம். போகிறவர் போகட்டும், இந்த ஊரின் கல்வியைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. காஞ்சிக்குப் போய்ப் பட்டுப்புடவை வாங்கும்போது, அது கோர்வைப் புடவைதானா என்று கேளுங்கள். கரை சேருமிடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். அதற்குரிய கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுங்கள். அந்த விலையின் நியாயமான பங்கு நெசவாளரின் கூலியாகப் போய்ச் சேர்ந்தால், பட்டம் பெற்ற பிள்ளைகளுள் சிலரேனும் தம் ஊரிலேயே தங்கித் தறியை நம்பிப் பிழைக்க வழி பிறக்கும்.